அண்ணன் வீட்டு மதகு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை பாபநாசம் ரயில்வே கேட்டில் பிறந்தது. எனக்கு முன்னால் நின்ற குட்டியானை வண்டியில் ஆரஞ்சு நிறத் துடுப்புப் படகு ஒன்றைக் கவிழ்த்துக் கட்டியிருந்தார்கள். அதற்கு அடியில் இரண்டு வாழைத்தார். கேட் திறந்ததும் வண்டி ஒரு பக்கம் போனது, நான் ஒரு பக்கம் போனேன். அந்தப் படகில் யார் போவார்கள் என்று யோசித்துக்கொண்டே வந்ததில், வீட்டில் வாங்கிவரச் சொன்ன உளுந்தை மறந்துவிட்டேன்.

முதல் வரியை இப்படி எழுதினேன்: "காவிரித்தாய் கரைபுரண்டோடும் சோழவள நாட்டிலே—"

வேண்டாம். இந்த வரியில் ஏற்கெனவே நிறையப் பேர் மூழ்கியிருக்கிறார்கள்.

2

சரி, அம்சவல்லி. தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்துகிறாள். கூட வேலை பார்க்கும் சபிஹாவின் பிறந்த ஊர் கூத்தாநல்லூர். அதுவரைக்கும் வாய்க்கால் வழியாகவே, நடுவில் இரண்டு ஏரிகளையும் தாண்டி, படகில் போக இருவரும் திட்டம் போடுகிறார்கள். (வாய்க்காலின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் "அது அங்க போகாதே சார்" என்று யாராவது கிளம்பி வருவார்கள்.)

திட்டம் போடுவது லேசா? தண்ணீரை முறை வைத்து விடுகிறார்கள். முறை வரும் வாரத்தில்தான் படகு மிதக்கும். அதைவிடப் பெரிய சிக்கல் சொந்தக்காரர்கள். கரையோரம் இருக்கும் உறவுக்காரர் வீட்டைச் சாப்பிடாமல் கடந்துவிட்டால், அடுத்த கல்யாணப் பத்திரிகை உங்களுக்கு வராது. சேதி பரவப் பரவ, மூன்று நாள் பயணம் பத்து நாள் விருந்தாக வீங்கிவிட்டது.

"நாம துடுப்புப் போடப் போறோமா, பந்திக்குப் போறோமா?" என்றாள் சபிஹா.

3

அம்சவல்லி மேல் எனக்குச் சந்தேகம் வந்தது இந்த இடத்தில்தான். சபிஹா போனில் வரைபடத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள்.

"இங்க பாருடி. முதல் ஏரி தாண்டுனதும் ஒரு மதகு இருக்கு. படகைக் கரை மேல தூக்கிச் சுமந்துதான் அந்தப் பக்கம் எறக்கணும். இந்தக் கிளை வாய்க்கால்ல போனா அந்தத் தொல்லையே இல்ல."

"அதுல ஆகாயத்தாமரை மண்டிக் கெடக்கும்."

"போன வாரம்தான் அள்ளிட்டாங்களாம்."

"திரும்ப வந்துரும்."

"ஒரு வாரத்துலயா?"

"அதுக்கென்ன, வேகமா வளரும்."

சபிஹா வரைபடத்தை மூடிவிட்டாள். அந்த மதகுக் கரை யார் வீட்டுக் கொல்லை என்று அவளுக்குத் தெரியும். உங்களுக்குத்தான் தெரியாது.

4

அம்சவல்லியின் அண்ணன் அரசப்பன் வீட்டுக் கொல்லை. ஆறு வருஷமாகப் பேச்சில்லை. தன் மகள் அறிவுமதி வயதுக்கு வந்தபோது, ஊரைக் கூட்டி மஞ்சள் நீராட்டு விழா வேண்டாம் என்று அம்சவல்லி முடிவெடுத்தாள். நல்ல முடிவு, நானும் அவள் கட்சிதான். ஆனால் அதை அண்ணனிடம் சொல்வதை நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டாள். அவனோ பதினாறாம் நாளைத் தானே கணக்குப் பண்ணி, மேளதாளத்தோடு தாய்மாமன் சீர் எடுத்து வந்துவிட்டான். தெருவே பார்க்க, தாம்பாளங்களை வாசலோடு திருப்பி அனுப்பினாள்.

எடுத்த முடிவில் அவளுக்கு வருத்தமில்லை. திருப்பி அனுப்பிய விதம்தான் இன்றும் அறுக்கிறது. அவளுக்கு அண்ணன் வேண்டும். அதைச் சொல்ல வாய் வராமல்தான் இந்தப் படகு, வாய்க்கால், ஏரி எல்லாம்.*

(*அண்ணன் வீட்டுக்குப் பஸ்ஸில் போனால் முக்கால் மணி நேரம். ஆனால் பஸ்ஸில் போனால் தேடி வந்ததாகிவிடும். படகில் போனால், வழியில் இருந்தது என்று சொல்லிக்கொள்ளலாம்.)

5

முறைத் தண்ணீர் வந்தது, கிளம்பினார்கள். ஏரியைத் தாண்டி மதகை நெருங்கியபோது அம்சவல்லி துடுப்பை நிறுத்திவிட்டாள். கரையில் அடர்ந்திருந்த காட்டாமணக்குப் புதரை, ஒரு படகு போகும் அகலத்துக்கு யாரோ புதிதாக வெட்டியிருந்தார்கள்.

"நாம வர்றத யாருடி சொன்னது?"

"ஒன் மகளக் கேளு. மாமாவும் மருமகளும் தெனம் போன்ல பேசிக்கிறாங்க."

கரை மேல் அரசப்பன் நின்றான், கையில் அரிவாளோடு. (பயப்படாதீர்கள், புதர் வெட்டிய அரிவாள்.) வாய்க்காலைப் பார்க்காமல் வயலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இருவரும் இறங்கினார்கள். அம்சவல்லி படகின் முன்முனையைத் தூக்கினாள். ஏரி முழுக்கச் சளைக்காமல் துடுப்புப் போட்ட சபிஹா, அப்போது பார்த்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"புடிச்சுக்கிச்சுடி. என்னால தூக்க முடியாது. வேற யாரையாச்சும் கூப்பிடு."

6

முடிவு ஒன்று: அரசப்பன் இறங்கி வந்து, பேசாமல் மறுமுனையைத் தூக்குகிறான். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் பேசாமல் பிரிந்தவர்கள் பேசாமலே சேர்ந்தால் என்ன தீர்ந்தது?

முடிவு இரண்டு: அண்ணி ஞானாம்பாள் கொல்லைக் கதவைத் திறந்து, "கொழம்பு ஆறுது, வாங்க எல்லாரும்" என்கிறாள். இது எல்லாவற்றையும் அண்ணி தலையில் கட்டிவிட்டு நான் நழுவுவது.

முடிவு மூன்று: அம்சவல்லியே வாயைத் திறக்கிறாள்.

"அண்ணே, அன்னிக்கு நான்—"

இதற்கு மேல் நான் எழுதப்போவதில்லை. அவள் சொல்ல வேண்டியதை நான் சொன்னால் அவளுக்கு ஆறாது. உங்களுக்கும் ஓர் அண்ணனோ தங்கையோ இருப்பார்கள். அந்த வரியை நீங்களே முடியுங்கள். கொஞ்சம் சீக்கிரம். படகு நல்ல கனம், அவள் தூக்கிய முனையை இன்னும் கீழே வைக்கவில்லை.