ஷார்ட்ஸ்டாப்பைக் கைமாற்றிய வருடம்

டன்லப் ஃபோர்க் நிலக்கரிச் சுரங்கத்தில் கூரையிலிருந்து பெயர்ந்த கற்கள் பதினோரு வருடமாகத் தரையைத் தொடவில்லை. பெயரும், ஒரு முழம் இறங்கும், அப்படியே அந்தரத்தில் நின்றுவிடும். ஆட்கள் குனிந்து போனார்கள். விளிம்பு நீண்ட கற்களில் சட்டையைக் கழற்றி மாட்டினார்கள். சுரங்கத்து பேஸ்பால் அணிக்கு ஓட்டிஸ் ராட்லிஃப் பந்தைத் தடுத்து நிறுத்தும் ஷார்ட்ஸ்டாப்பாக வந்த கோடையில் இது தொடங்கியது. இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் இடையில் அவன் முழங்காலை மடக்கிக் கையுறையைத் தரையோடு வைத்து நின்றால், எவ்வளவு மூர்க்கமாக அடித்த பந்தும் அவனைத் தாண்டிப் போகாது. பந்து அவனுக்குக் கட்டுப்பட்டது, கல்லும் வீட்டில் கைதவறிய தட்டும் கட்டுப்பட்டன, அவ்வளவுதான் என்று ஊர் எடுத்துக்கொண்டது. பாதிரியார் ஒருமுறை இதை வைத்துப் பிரசங்கம் செய்யப் பார்த்தார். அன்று ஆட்ட நாள், கூட்டம் சேரவில்லை, விட்டுவிட்டார்.

அணியில் ஆடுகிறவர்களுக்குக் கம்பெனி மேலேயே லேசான வேலை கொடுத்து, கீழே இறங்குகிறவனின் கூலியைத் தருவது அந்தப் பக்கத்து வழக்கம். ஓட்டிஸ் விளக்கு அறையில் உட்கார்ந்து ஆட்களுக்குத் தொப்பி விளக்கு எடுத்துக் கொடுத்தான். யாரும் பொறாமைப்படவில்லை. அவன் இருக்கும் தைரியத்தில் ஆட்கள் செய்தது ஒன்றுதான் கெட்ட காரியம்: கூரைக்கு முட்டுக்கால் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். கரிக்குத்தான் கூலி, முட்டுப் போடும் நேரத்துக்குக் கிடையாது. வெட்டி வேலை என்று யாருக்கும் அதில் கசப்பு உண்டு. கம்பெனியும் முட்டுக்குக் கருவாலி மரம் வாங்குவதை நிறுத்தி, அந்தக் காசில் மைதானத்துப் பலகை இருக்கைகளுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்தது. கூரையைத் தட்டி, சத்தம் கேட்டு, நல்ல கல்லா கெட்ட கல்லா என்று சொல்லத் தெரியாத ஒரு தலைமுறை கீழே இறங்கி வேலை பழகியது. அதில் ஒருவன் ஹார்ல் சைஸ்மோர்.

ஹார்லின் அப்பன் வெர்ஜில், வார நாளில் மூன்றாம் குடைவின் மேஸ்திரி, ஞாயிற்றுக்கிழமை அணியின் மேனேஜர். பதினோராவது வசந்தத்தில் ஒரு பந்து ஓட்டிஸின் இடது பக்கமாகக் கையுறைக்கு ஒரு விரல் தள்ளிப் போனதை அவன் பார்த்தான். மறுநாள் மூன்றாம் குடைவில் பெயர்ந்த கல் ஒரு முழத்தில் நிற்காமல் இரண்டு முழம் இறங்கி, ஒருவன் தொப்பியை உரசிக்கொண்டு நின்றது. அதற்குப் பின் வெர்ஜில் ஆட்டத்தில் ஓட்டிஸின் முழங்காலை மட்டும்தான் பார்த்தான். அது மடங்கும்போது உலர்ந்த பலகை போலச் சத்தம் வந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கண்ணாடித் தொழிற்சாலை ஊரான ஹெஸ்டர்விலிலிருந்து ஆள் வந்தது. ஓட்டிஸைக் கொடுத்தால் மூன்று இளம் பந்தெறிகாரர்களைத் தருகிறோம் என்றார்கள். விளக்கு அறை வாசலில் வேலைக்கு இறங்க நின்றவர்கள் இதைப் பிரித்து மேய்ந்தார்கள்.

"மூணு பேருய்யா! ஒரு கிழவனுக்கு மூணு சின்னப் பசங்க. கசக்குதா?" என்றான் ஒருவன்.

வண்டி இழுக்கும் கோவேறு கழுதைகளைப் பார்த்துக்கொள்ளும் டெல்மர் துப்பிவிட்டுச் சொன்னான்: "மூணு குஞ்சு வாங்கினா ஒண்ணப் பருந்து தூக்கும், ஒண்ணு சீக்குல போகும். மிச்சம் ஒண்ணு சேவலா பொட்டையான்னு தெரியவே ரெண்டு வருஷம் ஆவும். கூவுற சேவல வித்துட்டுக் குஞ்சு வாங்குவியாடா, கூமுட்ட?"

"கூவுற சேவலுக்கு முட்டி வலின்னு கேள்விப்பட்டேன்."

"உன் வாய மூடு. உன் தலைக்கு மேல என்ன தொங்குதுன்னு மறந்துட்டுப் பேசாத."

விளக்குகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டே ஓட்டிஸ் எல்லாவற்றையும் கேட்டான்.

வெர்ஜில் ஹெஸ்டர்வில் போய் மூவரையும் பார்த்தான். வெண்டல் க்ரம் இடக்கையன். எறிந்தால் பிடிக்கிறவனின் உள்ளங்கை வீங்கும், ஆனால் பந்து எங்கே போகும் என்று அவனுக்கே தெரியாது. லீலண்ட் ப்ரூயிட் நெட்டையன், வளைத்து எறிவான், பட்டாளத்துக்குக் கூப்பிடும் வயது. மூன்றாமவன் எஸ்டெல் அழகாக எறிந்தான். யாரும் பார்க்காதபோது முழங்கையைத் தடவிக்கொண்டான். வெர்ஜில் அதைப் பார்த்தும் சம்மதித்துக் கைகொடுத்தான். பேரம் நட்டம் என்று அவனுக்குத் தெரியும். அவன் கணக்கு வேறு. ஓட்டிஸ் ஊரில் இருக்கும்வரை ஒருத்தனும் முட்டுப் போட மாட்டான். அந்த முழங்கால் ஒருநாள் முற்றிலும் உட்கார்ந்துவிட்டால், பதினோரு வருடத்துக் கல்லும் ஒரே மூச்சில் இறங்கும்.

ஹார்ல் வீட்டில் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். "நொண்டிக் கைப் பசங்களுக்காகவா அவர விக்கிற? ஊரே உன்னக் காறித் துப்புது."

"விக்கல. அவர் போற நாள நான் குறிக்கிறேன். இல்லன்னா அவர் முட்டி குறிக்கும்."

"நீ முட்டுப் போடு. என் இடத்துல ஒரு குச்சி நடக்கூடாது. அந்தக் கல்லுக்குக் கீழயே உக்காந்திருப்பேன். அப்ப அவர ரயில் ஏத்துறியா பாப்போம்."

ஓட்டிஸிடம் வெர்ஜில் மன்னிப்புக் கேட்கப் போனான். ஓட்டிஸ் காலை வெந்நீர் வாளியில் வைத்திருந்தான். "குனிஞ்சே பதினோரு வருஷம் போச்சு வெர்ஜில். அங்க என்னை முதல் பேஸ்ல நிக்கச் சொல்றாங்க. அங்க நிமுந்து நிக்கலாம்யா," என்றான். அவன் குரலில் இருந்த ஆசையைக் கேட்டு வெர்ஜிலுக்கு வெட்கமாக இருந்தது.

பிறகு ஊர் மரம் வெட்டியது. ஓட்டிஸ் போகப்போகிறான் என்ற பயம் வந்ததும் வெட்டி வேலை என்று எவனும் முனகவில்லை. கீழே ஆள் இருந்த நேரமெல்லாம் மேலே ஆளில்லாத மைதானத்தில் ஓட்டிஸ் தன் இடத்தில் முழங்காலை மடக்கி நின்றான். பெண்கள் பீன்ஸும் மக்காச்சோள ரொட்டியும் கொண்டுபோய் ஊட்டினார்கள். தொங்கிய ஒவ்வொரு கல்லுக்கும் கீழே முட்டு ஏறியது, ஒன்றைத் தவிர.

ஓட்டிஸ் ரயிலேறும் நாளன்று எல்லோரையும் மேலே அனுப்பிவிட்டு வெர்ஜில் மூன்றாம் குடைவுக்குள் தவழ்ந்தான். ஹார்ல் மாட்டு வண்டி அகலக் கல்லுக்கு அடியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தான். வெர்ஜில் வெட்டிக் கொண்டுவந்த முட்டுக்காலை நிறுத்தினான். ஹார்ல் உதைத்துத் தள்ளினான். மறுபடி நிறுத்தினான். மறுபடி உதைத்தான்.

"அப்பா, நீ மேல போ."

"மேல என்ன இருக்கு எனக்கு?"

வெர்ஜில் முட்டுக்காலைக் கீழே போட்டுவிட்டு மகன் பக்கத்தில் உட்கார்ந்தான். சங்கு ஊதி ரயில் நகர்ந்தது. சுரங்கம் முழுவதும் கற்கள் முட்டுகளின் மேல் உட்கார்ந்தன. ஊரில் அலமாரியிலிருந்த பீங்கான் தட்டுகள் கீழே விழுந்து உடைந்தன, பதினோரு வருடத்தில் முதல் தடவையாக. அவர்கள் தலைக்கு மேலிருந்த கல்லும் அசைந்தது. ஆனால் விழவில்லை. தூங்கும் பிள்ளையைக் கட்டிலில் கிடத்துகிற வேகத்தில் இறங்கியது. உயரமானவன் என்பதால் முதலில் வெர்ஜிலின் தொப்பியில் பட்டது.

"அப்பா, குனி," என்றான் ஹார்ல். அப்பனின் சட்டைக் கழுத்தைப் பிடித்து இழுத்தபடி தவழ்ந்தான். அவர்கள் கால்கள் வெளியே வந்த பிறகுதான் கல் தரையில் அமர்ந்தது. தூசி எழவில்லை. ஸ்டேஷனில் நின்றவர்கள் சொன்னது: ஓட்டிஸ் கையுறை மாட்டிய கையை ஜன்னலுக்கு வெளியே, உள்ளங்கை மேலே பார்க்க நீட்டியிருந்தான், ரயில் ஆற்று வளைவு திரும்பும்வரை அதை மெல்ல மெல்லத் தாழ்த்திக்கொண்டே போனான், முகமெல்லாம் வேர்வை.

எஸ்டெலின் முழங்கை ஜூலையில் போனது. லீலண்ட் பட்டாளத்துக்குப் போனான். வெண்டல் எதிரணிக்காரன் விலா எலும்பை உடைத்தான். அணி கடைசியில் நின்றது, வெர்ஜிலின் மேனேஜர் பதவி போயிற்று. ஹெஸ்டர்விலில் ஓட்டிஸ் நிமிர்ந்து நின்று சுமாராக ஆடினான். அங்கே கண்ணாடி எப்போதும் போல உடைந்தது. டன்லப் ஃபோர்க்கில் இப்போது கல் விழ வேண்டிய வேகத்தில் விழுகிறது. முட்டு அடிக்கிறவன் முதல் அடிக்கு வெர்ஜிலைத் திட்டுகிறான். அடுத்த அடிக்குக் கூரையைத் தட்டி, காது கொடுத்துக் கேட்கிறான்.