படிக்கட்டு விளக்கு

தட். தடதட. அப்புறம் ஒரு பெரிய 'டொம்'.

மாடித் தொட்டியின் மூடியைக் காற்று உருட்டிவிட்டது என்றுதான் பெரியவள் முதலில் நினைத்தாள். தூறலுக்குப் பயந்து மாடியிலிருந்து அள்ளி வந்த துணிகளைப் பின்னறையில் உட்கார்ந்து மடித்துக்கொண்டிருந்தாள். அடுத்த நொடி அம்மாவின் குரல் வீட்டைக் கிழித்தது.

"என்னங்க! ஐயோ, என்னங்க!"

கையிலிருந்த சட்டையைப் போட்டுவிட்டு ஓடினாள். படிக்கட்டு இருட்டாக இருந்தது. சுவரைத் தடவி சுவிட்சைத் தட்டினாள். கடைசிப் படியில் தலையும் தரையில் உடம்புமாக அப்பா கிடந்தார். ஒற்றைச் செருப்பு நடுப்படியில் நின்றது. அம்மா பக்கத்தில் மண்டியிட்டு அவர் கன்னத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

எதிர்வீட்டு டிரைவர்தான் வண்டி எடுத்தார். மருத்துவமனையில் அப்பாவை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். டாக்டர் வெளியே வந்து ஒன்று கேட்டார்.

"மயக்கம் வந்து விழுந்தாரா? இல்ல இருட்டுல தடுக்கி விழுந்தாரா?"

அம்மா தரையைப் பார்த்தாள்.

"தெரியல டாக்டர்," என்றாள் பெரியவள். ஆனால் கேள்வியின் பின்பாதி கொக்கி மாதிரி அவள் நெஞ்சில் மாட்டிக்கொண்டது. இருட்டுல.

விடிவதற்குள் அப்பா போய்விட்டார்.

எரிகிற விளக்கையெல்லாம் அணைத்துக்கொண்டே போவதால் தெருவில் அவருக்கு 'ஃபியூஸ்காரர்' என்று பெயர். தொழிற்சாலை ஸ்டோரில் திருகாணிக்கும் நட்டுக்கும் காவல் இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் அவர் காவல் காத்தது எல்லாவற்றுக்கும். தேய்ந்த சோப்பைப் புது சோப்பின் முதுகில் ஒட்டவைப்பார். பற்பசைக் குழாயைப் பிதுக்கி முடித்த பிறகு கத்தரியால் வயிற்றைக் கிழித்து இன்னும் ஒரு வாரம் ஓட்டுவார். பருப்பு முக்கால் பதம் வெந்ததும் அடுப்பை அணைத்து, "மிச்சத்த மூடி பாத்துக்கும்" என்பார். எல்லாம் அவருடைய அப்பாவிடம் கற்றது. அந்த மனுஷர், வீட்டுக்கு ஆள் வந்தால் விளக்கை ஊதி அணைத்துவிட்டுத்தான் பேச உட்காருவாராம். 'பேசறதுக்கு எதுக்கு வெளிச்சம்? காது இருட்டுலயும் கேக்கும்.'

அப்பா வீட்டிலுள்ளவர்களுக்குச் சொத்தாகக் கொடுத்தது ஒன்றுதான். அறையை விட்டு வெளியே வந்தால் கை சுவிட்சுக்குப் போக வேண்டும். யோசிக்கக் கூடாது. மூச்சு விடுகிற மாதிரி நடக்க வேண்டும். பெரியவளுக்கு அது அப்படியே ஊறிப்போயிற்று. அவள் பல் மருத்துவரிடம் வரவேற்பில் வேலை பார்க்கிறாள். ஒருமுறை ஒரு ஃபைலை எடுக்க டாக்டர் அறைக்குள் போனவள், திரும்பும்போது விளக்கை அணைத்துவிட்டு வந்துவிட்டாள். உள்ளே நாற்காலியில் ஒருவர் வாயைத் திறந்தபடி இருந்தார். டாக்டர் கையில் ஊசி இருந்தது. அன்று எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவிடம் வந்து சொன்னபோது அவரும் சிரித்தார். "என் பொண்ணுடி" என்று அம்மாவிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டார்.

இப்போது அந்தச் சிரிப்பு அவளுக்கு வேறு மாதிரி கேட்டது.

நேற்று நடந்ததை மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தாள். அப்பாதான் முதலில் படியில் ஏறினார், விளக்கைப் போட்டுவிட்டு. அவள் பின்னால் போனாள். கொடியிலிருந்த துணியை உருவினாள். "நீ போ. நான் தொட்டி மூடியப் பாத்துட்டு வரேன்" என்றார். மோவாய் வரை துணியை அணைத்துக்கொண்டு இறங்கினாள். சுவிட்சு கீழே மட்டும்தான். மேலே ஒன்று வைக்கலாம் என்று எலக்ட்ரீஷியன் சொன்னபோது, "ஒரு லைட்டுக்கு ரெண்டு சுவிட்சா? ஒருத்தனுக்கு ரெண்டு பொண்டாட்டி மாதிரி, வம்புதான்" என்று அப்பா அனுப்பிவிட்டார்.

இறங்கினாள். அப்புறம்?

கை நிறையத் துணி இருந்தால் சுவிட்சை முழங்கையால் தட்டி அணைப்பாள். நேற்றும் தட்டினாளா? ஞாபகம் இல்லை. காலையில் பல் தேய்த்தது யாருக்கு ஞாபகம் இருக்கும்? இருட்டாக இருந்திருந்தால் அப்பா மேலே நின்றபடியே, "எவடி அவ?" என்று சத்தம் போட்டிருப்பாரே? போட்டு, தூறல் சத்தத்தில் அவள் காதில் விழவில்லையோ? அவள் ஓடி வந்தபோது இருட்டு. அது மட்டும் நிச்சயம். விளக்கு தானாக அணையாது.

தம்பி காலையில் வெளியூரிலிருந்து வந்து இறங்கினான். அப்பாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். வாடகை நாற்காலிகள் வாசல் வரை நீண்டன. வந்தவர்கள் விளக்குகளைப் போட்டார்கள், மின்விசிறிகளைச் சுழலவிட்டார்கள், குழாயைச் சரியாக மூடாமல் போனார்கள். பட்டப்பகலில் குளியலறை வரைக்கும் எரிந்தது. பெரியவள் எதையும் தொடவில்லை. சுவிட்சுப் பலகை பக்கம் போனாலே கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

அம்மாவும் தொடவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. அம்மா இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுருட்டிவைத்துக்கொண்டு, யார் வந்து பேசினாலும் தலையை மட்டும் ஆட்டினாள். பெரியவள் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தெரிந்துவிட்டது, என்று பெரியவள் நினைத்தாள். அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது.

"என் அண்ணன் எப்படிய்யா விழுந்தான்?" என்று அத்தை மூக்கைச் சிந்தினாள். அப்பாவின் ஒரே தங்கை.

"எப்படி விழுவாரு? வெளக்கு போடாம எறங்கியிருப்பாரு," என்றார் எதிர்வீட்டு டிரைவர். "கரண்ட மிச்சம் பண்றேன்னு உசிர செலவு பண்ணிட்டாரு மனுஷன்."

யாரோ அடக்கிக்கொண்டு சிரித்தார்கள். அத்தையும் அழுகைக்கு நடுவே தலையாட்டினாள். "எங்கப்பன் புத்தி அப்படியே. சொன்னா கேக்கவா செய்வான்? கஞ்சத்தனமே எமனா வந்துச்சு பாரு."

பேச்சு ஒரு நாற்காலியிலிருந்து அடுத்த நாற்காலிக்குத் தாவியது. வாசல் வரை போய்ச் சேர்ந்தபோது அது செய்தியாகவே ஆகிவிட்டது. ஃபியூஸ்காரர் லைட்டு போடாம எறங்கினாராம். பாவம். ஆனா அவரும் லேசுப்பட்ட ஆளு இல்ல.

பெரியவளுக்குக் காது சுட்டது. படி விஷயத்தில் அப்பா அப்படி இல்லை. 'எல்லாத்துலயும் மிச்சம் புடிங்க. படியில புடிக்காதீங்க. எலும்பு உடைஞ்சா எந்தக் கடையிலயும் கெடைக்காது' என்று சின்ன வயதிலிருந்து சொல்லி வளர்த்தவர். செத்தவர் வாய் திறந்து மறுக்க முடியாது. அவள் சும்மா இருந்தால் போதும், பழி அவரோடேயே போய்விடும். யாரும் அவளைக் கேட்கப் போவதில்லை. காலாகாலத்துக்கும் இந்தத் தெரு அப்பாவைச் சொல்லிச் சிரிக்கும். அவ்வளவுதான்.

"அப்பா லைட்டு போட்டுட்டுத்தான் ஏறினாரு," என்றாள்.

குரல் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. கூடம் திரும்பிப் பார்த்தது.

"நான் பாத்தேன். நான் கூடத்தான் போனேன். அவரு படியில ஒருநாளும் இருட்டுல ஏற மாட்டாரு, எறங்க மாட்டாரு. தெரியாம பேசாதீங்க."

டிரைவர் நாற்காலியில் நெளிந்தார். தம்பி அப்பாவின் தலைமாட்டிலிருந்து எழுந்து வந்தான்.

"அக்கா, நீ ஓடி வந்தப்போ இருட்டா இருந்துச்சுன்னு போன்ல சொன்னியே?"

"ஆமா."

"அப்போ யாரு அணைச்சது?"

பெரியவள் தம்பியின் தோளுக்கு மேலே அம்மாவைப் பார்த்தாள். அம்மா கண்களை மூடியிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து வாசலில் வண்டி வந்து நின்றது. "சீக்கிரம், சீக்கிரம்" என்று குரல்கள் கிளம்பின. கேள்வி அப்படியே அந்தரத்தில் நிற்க, அப்பாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

சுடுகாட்டில் எல்லாம் முடிந்து பெரியவளும் தம்பியும் திரும்பியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வாடகைக்காரன் நாற்காலிகளை அடுக்கி எடுத்துப் போய்விட்டான். தம்பி தலையில் ஈரத்தோடு கூடத்தில் சுருண்டான். வீடு முழுக்க விளக்குகள் காலையிலிருந்து எரிந்தபடியே இருந்தன.

"ஏண்டி, இத்தன எரியுதே, ஒன்னயாவது அணைக்க மாட்டீங்களா?" என்றாள் அத்தை. "அவன் இருந்திருந்தா இந்நேரம் குதிச்சிருப்பான்."

யாரும் எழுந்திருக்கவில்லை. அத்தை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு பின்னறைக்குப் போனாள்.

அம்மா சமையலறையில், கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள். குழாய் முழு வேகத்தில் கொட்டியது. பெரியவள் போய்ச் சமையலறை வாசற்படியில் நின்றாள். எப்படி ஆரம்பிப்பது என்று வண்டியிலேயே யோசித்து வைத்திருந்தது எல்லாம் மறந்துபோயிற்று.

"அம்மா. அது நான்தாம்மா."

"எது?"

"படி லைட்டு. துணியோட எறங்கி வந்தப்போ அணைச்சிருக்கேன். எனக்கு நெனப்பே இல்ல. ஆனா நான்தான். என்னத் தவிர வேற யாரு? தம்பிகிட்ட இப்பவே சொல்லிடறேன். அப்பாவ யாரும் கஞ்சன்னு சொல்ல வேணாம். என்னை என்ன வேணா சொல்லிக்கட்டும்."

அம்மா பாத்திரத்தைக் கீழே வைத்தாள். குழாயை மூடவில்லை. கூடத்தில் தம்பி தூங்குகிறானா என்று ஒருமுறை எட்டிப் பார்த்தாள். பிறகு தன் ஈரமான வலது கையை, யாருடையதோ போல, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ அணைக்கலடி. நான் ஓடி வந்து பாத்தப்போ லைட்டு நல்லா எரிஞ்சுக்கிட்டுதான் இருந்துச்சு. அவரு கீழ கெடக்குறாரு... என் கை முதல்ல சுவிட்சுக்குப் போச்சு."