இடுப்பளவு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மைனா குண்டு இல்லை. ஒருநாளும் குண்டாக இருந்ததில்லை. நம்பாதவர்கள் என் அம்மாவின் அளவு நோட்டை எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம், அதில் அவளுக்கென்று தனிப் பக்கமே இருக்கிறது. குண்டாகிவிட்டதாக அவளை நம்ப வைத்தவள் நான். அதற்காக நான் அதிகம் பேசக்கூட இல்லை.

அம்மா தையல்காரி. எங்கள் வீட்டு முன்னறைதான் கடை. இரண்டு மெஷின், வெட்டுவதற்கு ஒரு நீள மேஜை, இஸ்திரி போட இன்னொன்று, கால் வைக்கிற இடமெல்லாம் துண்டுத் துணி. எங்கள் பள்ளிக்கூடத்துப் பெண்களில் பாதிப் பேர் போடுகிற சீருடை அம்மா தைத்ததுதான். மைனாவின் அம்மா பஸ் ஓட்டுகிறார். வண்டியை டிப்போவில் விட்டுவிட்டு வர ஏழு மணியாகும். அதனால் மூன்றாம் வகுப்பிலிருந்தே பள்ளிக்கூடம் விட்டால் மைனா நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வருவாள். அவள் சீருடையும் எங்கள் வீட்டில்தான் துவைபடும். சனிக்கிழமை காலையில் நான் இஸ்திரி போடுவேன்: என் ஸ்கர்ட் இரண்டு, அவள் ஸ்கர்ட் இரண்டு. அவள் அம்மா எனக்குச் சித்தி, என் அம்மா அவளுக்குப் பெரியம்மா. ரத்த சம்பந்தம் ஒன்றும் கிடையாது, பழகிய பழக்கம்தான்.

ஓயாமல் பேசுவதால் அவள் மைனா. நான் ஊசி. தையல்காரி மகள் என்பதால் வந்த பெயர் என்று நான் சொல்வேன், உன் வாயால் வந்த பெயர் என்று அவள் சொல்வாள். எங்களைத் தனித்தனி பெஞ்சில் உட்கார வைத்துப் பார்த்த கணக்கு டீச்சர் இரண்டே நாளில் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். அவளுக்குக் காய்ச்சல் என்றால் நானும் லீவு. அவள் சிரித்தால், எதற்குச் சிரிக்கிறாள் என்று எனக்குத் தெரியாமல் இருந்ததே இல்லை.

ஒன்பதாம் வகுப்பில் குதிரைவால் வந்து சேர்ந்தாள். வேறு பள்ளியிலிருந்து மாற்றலாகி வந்தவள். தூக்கிக் கட்டிய முடி, முழங்காலில் ஆரம்பித்து எங்கேயோ போய் முடிகிற கால்கள். ரிலே ஓட்டத்துக்கு அவளுக்கு ஓர் ஆள் குறைந்தது. வகுப்பில் நாற்பது பேர் இருக்க, அவள் கண்ணுக்கு மைனாதான் தெரிந்தாள்.

"நீயும் வாடி, ஊசி. ஜாலியா இருக்கும்," என்று மைனா கூப்பிடத்தான் செய்தாள். எனக்கு ஓட வராது. அது அவளுக்குத் தெரியும். தெரிந்தே கூப்பிட்டாள் என்று அப்போது நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை பயிற்சி முடிந்து இருவரும் ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்து சிரித்துக்கொண்டே வந்தார்கள். அவர்களுக்காக ஒரு மணி நேரம் மரத்தடியில் காத்துக்கிடந்த நான், "என்னடி? சொல்லு," என்றேன்.

"ஒண்ணுமில்லடி. நீ அங்க இல்லைல்ல? சொன்னா புரியாது," என்றாள் மைனா.

ராத்திரி முழுக்க அந்த இரண்டு சொல் காதில் கொசுவாக ரீங்கரித்தது. சொன்னா புரியாதாம். எனக்கா?

மறுநாள் சனிக்கிழமை. அம்மா துணி எடுக்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். இஸ்திரி மேஜையில் மைனாவின் ஸ்கர்ட். ஸ்கர்ட்டின் பின்பக்கம் நடுவில் ஒரு தையல் போகும். வளர்கிற பிள்ளைகள் என்று அம்மா அந்த இடத்தில் இரண்டு விரல் அகலத்துக்குத் துணியை உள்ளே விட்டுத் தைப்பாள், பெருத்தால் பிரித்து விட்டுக்கொள்ளலாம். பிரிக்க முடிகிற இடத்தில் பிடிக்கவும் முடியும். நான் ஸ்கர்ட்டை உள்பக்கமாகத் திருப்பி, பழைய தையலுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு தையல் ஓட்டினேன். அரை விரல் அகலம்கூட இருக்காது. இரண்டாவது ஸ்கர்ட்டிலும் அதேபோல் ஒன்று. எல்லாம் ஐந்து நிமிட வேலை.

திங்கள்கிழமை பிரார்த்தனை நேரத்தில் மைனா என் காதருகே வந்தாள். "ஸ்கர்ட் டைட்டா இருக்குடி. துவைச்சதுல சுருங்கிடுச்சா?"

"இந்தத் துணி சுருங்காது. ஆளு பெருத்தாதான் உண்டு," என்றேன்.

என் கணக்கு இதுதான்: அவளுக்கு வெட்கம் வரும், அரை டிராயர் போட்டுக்கொண்டு மைதானத்தில் ஓடக் கூசுவாள், ரிலேயை விட்டுவிட்டு என்னிடமே திரும்பி வருவாள். நடந்தது நேர்மாறு. இளைக்க வேண்டும் என்று அவள் கூடுதலாக இரண்டு சுற்று ஓட ஆரம்பித்தாள். கூட யார்? குதிரைவால். எனக்கு எப்படி இருந்திருக்கும்? அடுத்த சனிக்கிழமை இரண்டாவது தையல் போட்டேன்.

மூன்றாவதைப் போட்ட வாரம், எங்கள் வீட்டில் உடை மாற்றப் போனவள் குளியலறையை விட்டு வெளியே வரவில்லை. கதவைத் தட்டி உள்ளே போனேன். ஸ்கர்ட்டின் கொக்கியைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். இடுப்பைச் சுற்றிச் சிவப்பாகத் தடம் விழுந்திருந்தது.

"எவ்ளோ ஓடினாலும் ஏறிக்கிட்டே போகுதுடி. எனக்கு என்னவோ ஆயிடுச்சு," என்று என் தோளில் முகத்தைப் புதைத்தாள். "யார்கிட்டயும் சொல்லாத. அவகிட்டகூட நான் சொல்லல. உன்கிட்ட மட்டும்தான்."

அவகிட்டகூட சொல்லல. அதைக் கேட்டதும் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. உண்மையைச் சொல்கிறேன், அவள் அழுதது எனக்கு ஒரு மூலையில் வலித்தது, மற்ற மூன்று மூலையும் சந்தோஷமாக இருந்தது. முதுகைத் தடவிக் கொடுத்தேன். முகம் கழுவித் துடைத்துவிட்டேன். குதிரைவாலுக்குத் தெரியாத ஒன்று எங்கள் இருவருக்கும் நடுவில் மறுபடியும் வந்துவிட்டது.

அதன் பிறகு மதியம் அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து என் பக்கம் தள்ளிவிடுவாள். "நீ சாப்பிட்டுடுடி. மிச்சம் கொண்டு போனா அம்மா திட்டும்." நானும் சாப்பிட்டேன். என் டப்பா, அவள் டப்பா, இரண்டையும். இதில் கூத்து என்னவென்றால், உண்மையிலேயே டைட்டானது என் ஸ்கர்ட்தான். யாரும் பார்க்காதபோது அதைப் பிரித்து விட்டுக்கொண்டேன்.

அவள் கன்னம் ஒட்டிப்போனதை நான் பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். பார்த்தேன். போதும், நிறுத்திவிடலாம் என்று நினைத்த வாரங்களும் உண்டு. அந்த மாதிரி ஒரு வாரத்தில்தான் அவளும் குதிரைவாலும் ஒரே மாதிரிப் பச்சை ரிப்பன் கட்டிக்கொண்டு வந்தார்கள். நாலாவது தையல். ரிலே அணி போட்டோவைக் குதிரைவால் தன் நோட்டு அட்டையில் ஒட்டிக்கொண்டாள், அதில் மைனாவின் கை அவள் இடுப்பைச் சுற்றி இருந்தது. ஐந்தாவது தையல்.

அதற்கு நாலு நாள் கழித்து மைனா மைதானத்தில் மயங்கி விழுந்தாள். நான் மரத்தடியில் இரண்டு காலி டப்பாக்களோடு உட்கார்ந்திருந்தேன். நான் எழுந்திருப்பதற்குள் குதிரைவால் அவளைத் தூக்கி உட்கார வைத்துத் தண்ணீர் தெளித்தாயிற்று. பிறகு நேராக என்னிடம் வந்தாள்.

"நீதான தினம் அவகூட சாப்பிடுற? அவ சாப்பிடுறாளா, இல்லையா?"

என்னை விசாரிக்க இவள் யார்? நேற்று வந்தவள். "நல்லாத்தான் சாப்பிடுறா," என்றேன். என் வாயில் அப்போதும் மைனாவின் சாப்பாட்டு ருசி இருந்தது.

சனிக்கிழமை சித்தி மைனாவைக் கடைக்கு அழைத்து வந்தார். பஸ் ஓட்டும் அந்தக் கைகளில் மகளின் கை குச்சியாகத் தெரிந்தது.

"அக்கா, ரத்தம் கம்மின்னு டாக்டர் சொல்றார். பாத்தா எலும்பும் தோலுமா இருக்கா. ஆனா ஸ்கர்ட் பத்தலன்னு அழுறா. எனக்கு ஒண்ணும் புரியல. புதுசா ரெண்டு தைச்சுக் குடுத்துடுங்க."

அம்மா மைனாவைத் திரும்பி நிற்கச் சொல்லி டேப்பைச் சுற்றினாள். நோட்டைப் புரட்டிப் பழைய அளவைப் பார்த்தாள். மறுபடியும் டேப்பைச் சுற்றினாள். "வருஷ ஆரம்பத்துல இருந்ததவிட ரெண்டு இன்ச் கம்மியா இருக்கே," என்றாள். மைனா அதை நம்பவில்லை, பெரியம்மா தனக்காகப் பொய் சொல்கிறாள் என்று தரையைப் பார்த்தபடி நின்றாள். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சித்தியிடம் திரும்பினாள். "நீ கூட்டிட்டுப் போம்மா. ஸ்கர்ட் இங்கதான இருக்கு, நான் பாத்து அனுப்புறேன்."

அவர்கள் தெருமுனையைத் தாண்டும்வரை அம்மா வாசலில் நின்று பார்த்தாள். பிறகு ஸ்கர்ட்டை உள்பக்கமாகத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தாள். அவளுடைய தையலுக்குப் பக்கத்தில் வரிசையாக ஐந்து கோடு. தையல் முடிகிற இடத்தில் மெஷினைப் பின்னால் ஓட்டி முடிச்சுப் போட நான் எப்போதும் மறப்பேன், அம்மா எப்போதும் திட்டுவாள். ஐந்திலும் நுனி நூல் தொங்கியது.

அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. அது இன்னும் மோசம். "எதுக்குடி?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். என்ன சொல்ல? ரிப்பன் என்றா? போட்டோ என்றா?

ஒரு ஸ்கர்ட்டை எடுத்து ஐந்து தையலையும் அவளே பிரித்து, நீவி, இஸ்திரி போட்டாள். இரண்டாவதை அப்படியே மடித்துப் பையில் வைத்தாள். "இதப் பிரிக்க மாட்டேன். நீயே கொண்டு போய் அவகிட்டக் காட்டிச் சொல்லு. நீ சொல்லலன்னா நாளைக்கு நான் அவ அம்மாகிட்ட சொல்லுவேன்."

சித்தி வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நான் திட்டம் போட்டுக்கொண்டே போனேன். பிரித்த ஸ்கர்ட்டை மட்டும் கொடுப்பது. இன்னொன்றை வழியில் எங்கேயாவது உட்கார்ந்து நானே பிரித்துவிடுவது. சொல்லிவிட்டேன், அவள் மன்னித்துவிட்டாள் என்று அம்மாவிடம் சொல்வது. ஸ்கர்ட் சரியாகிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும், மைனாவும் என்னோடு இருப்பாள். அம்மாவைச் சமாளிப்பது எனக்குப் புதிதா என்ன?

சித்தி சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். மைனா கட்டிலில் சாய்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு டம்ளர் பால், மேலே ஆடை படிந்திருந்தது. பிரித்த ஸ்கர்ட்டைக் கொடுத்தேன். எழுந்து போட்டுக்கொண்டு கொக்கியை மாட்டினாள். அது நழுவி இடுப்பெலும்பில் வந்து நின்றது. உள்ளே கையையே விட்டுப் பார்த்தாள். பல வாரங்களுக்குப் பிறகு அவள் முகம் மலர்ந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

"இளைச்சுட்டேன்டி! பெரியம்மா சொன்னது நிஜம்தான்! பாத்தியா? சாப்பிடாம இருந்தா கேக்குதுடி. இன்னும் கொஞ்ச நாள் இப்படியே இருந்துட்டா போதும்." டம்ளரை எடுத்து என் கையில் கொடுத்தாள். "அம்மா பாக்குறதுக்குள்ள இதக் கொட்டிட்டு வந்துடு. நீதான் என் செல்லம்."

பால் ஆறிப்போயிருந்தது. கொட்டிவிட்டு வந்திருந்தால் அவள் என்னுடையவள். குதிரைவாலுக்குக் கிடைக்காத இடம் அது. ஆனால் டம்ளரை நீட்டிய அந்தக் கையில் மணிக்கட்டு எலும்பு மட்டும்தான் இருந்தது, எனக்குப் பயம் வந்துவிட்டது.

"மைனா, நீ குண்டாவே இல்லடி. நான்தான் ஸ்கர்ட்டப் பிடிச்சுப் பிடிச்சுத் தைச்சேன். இப்போ பிரிச்சதால லூசா இருக்கு."

அவள் சிரித்தாள். "போடி. நான் இளைச்சது உனக்குப் பொறுக்கல. பொறாமை புடிச்சவ."

பையிலிருந்து இரண்டாவது ஸ்கர்ட்டை எடுத்து, திருப்பி, அவள் மடியில் விரித்தேன். அவள் முதல் கோட்டில் விரலை வைத்தாள். இது பெரியம்மா போட்டது என்று அவளுக்கே தெரிந்திருந்தது. விரலை அடுத்த கோட்டுக்கு நகர்த்தினாள்.

"இது எப்போ?"

"சொன்னா புரியாதுன்னு சொன்னியே, அதுக்கு மறுநாள்."

"எது? என்ன புரியாது?" அவளுக்கு நினைவே இல்லை. விரல் நகர்ந்தது. "இது?"

"நீ அவகூட ரெண்டு ரவுண்டு அதிகமா ஓட ஆரம்பிச்சப்போ."

மூன்றாவதை அவள் கேட்கவில்லை. "உங்க பாத்ரூம்ல உக்காந்து அழுதேனே. அன்னைக்கு எத்தனை இருந்துச்சு?"

"மூணு."

மீதியை அவளே எண்ணினாள். "அதுக்கப்புறமும் ரெண்டு."

"ஆமா," என்றேன்.

அவள் கத்துவாள் என்று காத்திருந்தேன். என் கையிலிருந்த டம்ளரை வாங்கி, ஆடையோடு அந்தப் பாலைக் குடித்தாள். குமட்டியது, நிறுத்தி நிறுத்திக் குடித்தாள். முடித்துவிட்டு, "அம்மா, ஊசி கிளம்புறா, கதவச் சாத்திக்கோ," என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

பள்ளியில் அவள் யாரிடமும் இதைச் சொல்லவில்லை. நானாக இருந்தால் ஊரைக் கூட்டியிருப்பேன். இப்போது அவள் முன் பெஞ்சில் உட்காருகிறாள். மதியம் குதிரைவால் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, டப்பாவைத் திறந்து வைத்து, ஒவ்வொரு வாய்க்கும் அதட்டுகிறாள். மைனாவும் மருந்து மாதிரி மெல்ல மெல்ல விழுங்குகிறாள். கன்னத்தில் கொஞ்சம் சதை வந்திருக்கிறது. அவள் சாப்பிட்டால் போதும் என்று, உண்மையைச் சொன்ன அந்த வாரமெல்லாம் வேண்டிக்கொண்டவள்தான் நான், சத்தியமாக. சாப்பிடுகிறாள். எனக்கு வயிறு எரிகிறது.

மைனாவுக்கு முட்டையில் மஞ்சள் கரு பிடிக்காது. நேற்று அதைத் தனியாக எடுத்துக் குதிரைவாலின் வாயில் போட்டாள். ஆறு வருஷம் அதைத் தின்றவள் நான்.