பிச்சையம்மாள் மூலை

அதிகாரிகள் வருகிறார்கள் என்றால் எங்கள் ஊரில் முதலில் செய்வது வெள்ளையடிப்பது. எதைப் பார்க்க வருகிறார்கள் என்பதெல்லாம் அப்புறம். அந்தப் பங்குனியிலும் அப்படித்தான் செய்தோம். அதில்தான் மாட்டிக்கொண்டோம்.

எங்கள் ஊர் கொடைக்கானலுக்கு மேற்கே, மன்னவனூர் சாலையிலிருந்து பிரிந்து இறங்கும் பாதையில் இருக்கிறது. பூண்டும் உருளைக்கிழங்கும்தான் பிழைப்பு. தொடக்கப்பள்ளிக்கு இரண்டு கட்டடம். கஜா புயலில் பின்கட்டடத்து ஓடுகள் பறந்தன. கையில் கிடைத்த ஓட்டைப் போட்டு ஊராரே மூடினோம். ஆனாலும் அதற்குள் பிள்ளைகளை உட்காரவைக்கக் கூடாது என்று கல்வி அலுவலகம் சொல்லிவிட்டது. பூட்டு விழுந்தது. ஐந்து வகுப்பும் முன்கட்டடத்தின் ஒரே அறையில் முதுகோடு முதுகு உரச உட்கார்ந்தது. பெரிய வகுப்புக்கு வாத்தியார் கேட்கும் கேள்விக்குச் சின்ன வகுப்பு பதில் சொல்லும்.

நாலு வருஷம் மனு போட்டோம். எழுதியது நான். பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் தாய் ஒருத்திதான் தலைவியாக இருக்க வேண்டும் என்பதால் என் வீட்டுக்காரர் சேனாதிபதி என்னை அதில் உட்காரவைத்திருந்தார். கூட்டத்தில் பேசுவது அவர், கையெழுத்துப் போடுவது நான்.

நாலாம் வருஷம் பதில் வந்தது. பொறியாளர் வந்து பார்ப்பார். பின்கட்டடம் தேறும் என்றால் பழுது பார்ப்பார்கள். தேறாது என்றால் இடித்துவிட்டு, பதினாறு பிள்ளைகளையும் ஆறு கிலோமீட்டர் கீழே இருக்கிற பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள். அந்தப் பாதையில் ஜீப் ஒரு நாள் வரும், இரண்டு நாள் வராது. எங்கள் மகள் தாரணிக்கு அப்போது ஏழு வயது. அவளைக் கொடைக்கானல் விடுதியில்தான் விட வேண்டியிருக்கும். கடிதத்தைப் படித்த அன்று என் வீட்டுக்காரர் சாப்பிடவே இல்லை. அதாவது, நாலு டீ குடித்தார், மூன்று பன் தின்றார். சோற்றைத் தொடவில்லை.

பூண்டு விஷயத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். பூட்டின கட்டடம் சும்மா பூட்டிக் கிடக்கவில்லை. விதைப்பூண்டைக் கட்டுக் கட்டாகத் தொங்கவிட்டுக் கீழே லேசாகப் புகை போட்டால்தான் அடுத்த நடவு வரை கெடாமல் இருக்கும். வீட்டுக்குள் எத்தனை கட்டுத்தான் தொங்கவிடுவது? தலைமையாசிரியர் பொன்னுவேல் சாரிடம் சாவி இருந்தது. அவருக்குப் பூண்டுக் குழம்பு பிடிக்கும். முதல் வருஷம் எங்கள் வீட்டுப் பூண்டு போனது. மறு வருஷம் பதினொரு வீட்டுப் பூண்டும் போய்விட்டது. உத்திரத்துக்கு உத்திரம் மூங்கில் கட்டி, எந்த மூங்கில் யாருக்கு என்று பிரித்துக் கொடுத்தவர் என் வீட்டுக்காரர். இதை எந்த மனுவிலும் நான் எழுதவில்லை.

ஆகவே பொறியாளர் வருவதற்கு முந்தின நாள் ஊரே சேர்ந்து பூண்டை இறக்கியது. எல்லாம் பிச்சையம்மாள் அத்தை வீட்டில் குவிந்தது. புகையேறிக் கறுத்த சுவருக்கு இரண்டு பூச்சு சுண்ணாம்பு. வாடைக்குச் சாம்பிராணி. நாங்கள் திரும்பிப் பார்த்தபோது கட்டடம் கல்யாணத்துக்குத் தயாரானது போல் இருந்தது. பொன்னுவேல் சார் வாசலில் மாவிலை கட்டலாமா என்று கேட்டார். என் வீட்டுக்காரர் அதற்கும் ஒத்துக்கொண்டிருப்பார், மாமரம் எங்கள் குளிரில் வளராது.

மறுநாள் வெள்ளனே ஜீப் வந்தது. கல்வி அலுவலர் அம்மாவும், ராஜேஷ்குமார் என்று ஓர் இளம் பொறியாளரும் இறங்கினார்கள். அந்த அம்மா வாசலில் நின்று மூக்கை உறிஞ்சி, உள்ளே கோயில் ஏதும் நடத்துகிறீர்களா என்று விசாரித்தார். பொறியாளர் சிரிக்கவில்லை. சுவரில் விரலை வைத்தார். ஈரச் சுண்ணாம்பு ஒட்டிக்கொண்டது.

"நாலு வருஷமா பூட்டிக் கெடந்த கட்டடத்துக்கு நேத்து எதுக்கு வெள்ளையடிச்சீங்க?"

கூட்டத்தில் பேசுகிறவர் உத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விரிசலையும் ஓதத்தையும் மறைக்கத்தான் இப்படிச் செய்வார்கள், தான் நிறையப் பார்த்திருப்பதாகப் பொறியாளர் அந்த அம்மாவிடம் சொன்னார். சுவர் எங்கெங்கே ஊறியிருக்கிறதென்று இனித் தெரியாது, தெரியாததற்குத் தன்னால் கையெழுத்துப் போட முடியாது என்றார். அந்த அம்மாவும் வருத்தத்தோடுதான் கோப்பைத் திறந்தார். இடிக்க எழுதினால் தலைவி கையெழுத்தும் வேண்டும் என்று பேனாவை என் பக்கம் நீட்டினார்.

ஜன்னலுக்கு வெளியே தாரணி நின்றிருந்தாள். புதுச் சுண்ணாம்பை நகத்தால் சுரண்டிப் பூ வரைந்துகொண்டிருந்தாள். நான் பேனாவை வாங்கவில்லை.

"நாங்க விரிசலை மறைக்கலைங்க சார். பூண்டை மறைச்சோம்."

என் வீட்டுக்காரர் இருமினார். பொன்னுவேல் சார் அதைவிடப் பலமாக இருமினார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். சாவியை மட்டும் யார் கொடுத்தார்கள் என்று சொல்லவில்லை, சொல்லவும் தேவைப்படவில்லை. அவர் முகம் சுவரைப் போலவே வெளுத்திருந்தது. அரசுக் கட்டடத்தில் தீ மூட்டினீர்களா என்று அந்த அம்மா கேட்டார். தீ இல்லை, புகைதான் என்றேன். அது பெரிய சமாதானமாக அவருக்குத் தோன்றவில்லை. அடுத்ததையும் சொல்லிவிட்டேன்.

"ஈரம் பட்டா பூண்டு மொளச்சுரும் சார். எந்த மூங்கில்ல மொளச்சுச்சுன்னு எங்களுக்குத் தெரியும். ஒரே ஒரு மூலைலதான்."

அதுவரை வாசற்படியில் நின்ற பிச்சையம்மாள் அத்தை உள்ளே வந்துவிட்டார். அதிகாரிகளை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை.

"தென்மேற்கு மூலைதானேடி? அது என் மூங்கிலு. மூணு வருசமா என் வெதப்பூண்டு மட்டும் மொளச்சுக் கெடக்கு. ஏலே சேனாதி, வேணும்னுதானே அந்த மூலைய எந்தலைல கட்டுன?"

"இல்லத்தை, நீங்கதான் ஜன்னலோரம் காத்து வரும்னு கேட்டீங்க."

"காத்தக் கேட்டேன், தண்ணியவாடா கேட்டேன்?"

பொறியாளர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மற்ற மூங்கில்களில் ஒன்றுகூட முளைக்கவில்லையா என்று அத்தையிடமே கேட்டார். முளைத்திருந்தால் இந்த வயிற்றெரிச்சல் தனக்கு எதற்கு என்றார் அத்தை. அதைவிட நேர்மையான சாட்சி யாருக்குக் கிடைக்கும்?

பிறகு என் வீட்டுக்காரருக்கு உயிர் வந்தது. தோட்டத்துக்குத் தண்ணீர் அடிக்கும் குழாயை இழுத்து வரச் சொல்லி, தானே கூரைமேல் ஏறினார். அரை மணி நேரம் ஓட்டின்மேல் மழை பெய்தது. நாங்கள் எல்லோரும் உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தோம். தென்மேற்கு மூலையில் மட்டும் சொட்டியது. மற்ற இடம் காய்ந்தே இருந்தது. பொறியாளர் ஏணியில் ஏறி உத்திரத்தில் திருப்புளியால் குத்தினார். முனை உள்ளே இறங்கவில்லை. நாலைந்து இடத்தில் குத்திவிட்டுக் கரி படிந்த கையோடு இறங்கினார்.

"கரையான் ஒரு பொட்டு இல்ல. எவ்ளோ நாளா புகை போடுறீங்க?"

"நாலு வருசமா சார்," என்றார் கூரையிலிருந்து என் வீட்டுக்காரர், ஓட்டு இடுக்கு வழியாக. "நிறுத்திரச் சொல்றீங்களா?"

அந்த அம்மா அப்போதுதான் சிரித்தார். சிரித்துவிட்டு, சாவியை வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். பழுது நீக்கிப் பயன்படுத்தலாம் என்று பொறியாளர் எழுதினார். இனி பள்ளிக்குள் பூண்டோ புகையோ கூடாது என்று குழுவின் சார்பில் நான் எழுதிக் கொடுத்தேன். ஊரின் நெடுநாளைய பண்பாடு என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லி என் வீட்டுக்காரர் காதில் சொன்னார். சேர்க்கவில்லை.

ஓடு மாற்ற ஆட்கள் வர ஆவணி ஆகிவிட்டது. புரட்டாசியில் தாரணியின் வகுப்பு பின்கட்டடத்துக்குப் போனது. முதல் நாள் திரும்பி வந்து, அங்கே பாடம் படித்தால் பசிக்கிறது என்றாள். சுவரில் வாடை போகவில்லை. இன்னும்தான் போகவில்லை.

அந்த மழைக்காலத்தில் என் வீட்டுக்காரர் பொன்னுவேல் சாரிடம் ஒரே ஒரு அனுமதி கேட்டார். தென்மேற்கு மூலையில் ஒரு கட்டுப் பூண்டு மட்டும் தொங்கட்டும், ஓடு மாற்றியவர்கள் ஒழுங்காக மாற்றினார்களா என்று அது சொல்லிவிடும் என்றார். சார் யோசித்துவிட்டு, அது பூண்டு இல்லை, சோதனைக் கருவி என்று முடிவு செய்தார். அந்த வருஷம் முளைக்கவில்லை. தினமும் காலையில் என் வீட்டுக்காரர் தோட்டத்துக்குப் போகிற வழியில் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவார். அது ஒரு சோலி அவருக்கு.

அடுத்த வருஷம் ஐப்பசியில், கேரட் அறுவடை முடிந்த மறுநாள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பிச்சையம்மாள் அத்தை தன் வீட்டுப் பூண்டில் ஒரு கட்டைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். பழையதை இறக்கிவிட்டு இதைக் கட்டச் சொன்னார். நல்ல பூண்டு என்றார், முளைத்தால் தன்மேல் பழி போடக் கூடாது என்றார்.

தாரணி இப்போது ஐந்தாம் வகுப்பு. அவள் உட்காருவது அந்த மூலைக்குக் கீழேதான். நேற்று இரவெல்லாம் மழை. காலையில் நான் எட்டிப் பார்ப்பதற்குள் அவளே ஜன்னலுக்கு வந்து, "மொளைக்கலம்மா, நீ போ" என்றாள்.