போய்ச் சேரும் மருந்து

செவிலி குழாயைத் திருகிப் புற்றுநோய் மருந்தை நிறுத்தியபோது பையில் பாதிக்கு மேல் மிச்சமிருந்தது. அப்பாவுக்கு மூச்சு வாங்குவதைப் பார்த்த மருத்துவர், "இனிமே இது அவருக்குத் தொந்தரவுதான்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

மூத்த மகளான பெரியவளுக்கு அந்த வகை மருந்து அத்துப்படி. கொழுப்பாலான நுண்குமிழ்களுக்குள் மருந்தை அடைத்து, அவற்றின்மேல் நியூட்ரானையும் எக்ஸ்ரேயையும் பாய்ச்சி, கதிர்கள் சிதறுகிற விதத்தை வைத்துக் குமிழின் தோல் எவ்வளவு தடிமன், மருந்து உள்ளேயே நிற்கிறதா, கசிகிறதா என்று கணக்கிடுவதுதான் அவள் வேலை. ஆயுசெல்லாம் பஸ் ஓட்டிய அப்பா அதைத் தன் பாஷையில் புரிந்துவைத்திருந்தார்.

"பாசஞ்சரை நடுவழியில இறக்கிவிடாம சரியான ஸ்டாப்புக்குக் கொண்டுபோகுதான்னு பாக்குறா என் பொண்ணு" என்பார் பக்கத்துக் கட்டில்காரரிடம். "வண்டி போய்ச் சேருதோ இல்லையோ, நான் போய்ச் சேந்துருவேன்."

அம்மா பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏறின வரைக்குமாவது கட்டிக்குப் போயிருக்குமாடி?"

"தெரியலம்மா."

"உனக்கே தெரியலன்னா?"

அவள் குமிழ்களைப் பார்த்ததெல்லாம் கண்ணாடிக் குப்பியில், அசையாத நீரில். ஒரு மனுஷ உடம்புக்குள் அவை என்ன ஆகின்றன என்று அந்தக் கதிர்கள் சொல்லாது. அதை அம்மாவிடம் எப்படிச் சொல்வதென்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது அப்பா கண்ணைத் திறந்தார்.

"என்ன, வண்டி ஸ்டாப்புக்கு வந்துச்சா?"

'இருக்கலாம்' என்ற சொல் இல்லாமல் ஆய்வுக் கட்டுரையில் ஒரு வரி எழுதாதவள் அவள்.

"வந்துடுச்சுப்பா."

அப்பா அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "பொய் சொன்னா உனக்கு மூக்கு விடைக்கும்" என்றார். சிரித்த மாதிரி உதடு கோணியது. அம்மாவின் கையைத் துழாவிப் பிடித்துக்கொண்டார். வெயில் ஜன்னலை விட்டு இறங்குவதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

அம்மா அழவில்லை. விலகியிருந்த போர்வையை அவர் பாதம்வரை இழுத்துவிட்டாள்.

ஆய்வுக்கூடத்திலிருந்து போன் வந்தது. நியூட்ரான் கருவியில் இந்தச் சோதனைக்கு நேரம் கிடைப்பதற்காக அவள் குழு ஒரு வருஷம் காத்திருந்தது.

"மேடம், அடுத்த குப்பியை வச்சிடட்டுமா? அப்பா எப்படி இருக்காரு?"

"வச்சிடுங்க" என்றாள். இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லாமல் பேச்சை முடித்துக்கொண்டாள்.

செவிலி வந்து அப்பாவின் கையிலிருந்த ஊசியை உருவிவிட்டு, பழக்கத்தில் பஞ்சை நீட்டினாள். பெரியவள் அதை வாங்கி, ஊசி இருந்த இடத்தில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள். ரத்தம் வரவில்லை.

"போதும்க்கா" என்றாள் செவிலி.

அவள் விரலை எடுக்கவில்லை.