சொம்புப் பாலோடு போனது

"அம்மாவோட தாலியைக் குடுங்க சித்தப்பா."

கேட்டேவிட்டேன். தாலிப் பேச்சை இந்த வீட்டில் எடுக்கவே கூடாது என்று அம்மா ஆறு வருஷமாகச் சொல்லிவந்தாள். கருமாதியில் போனது போனதுதானாம். அதோடு நாங்கள் இருப்பது சித்தப்பா வீட்டுப் பின்கட்டு ரூமில்.

சித்தப்பா வாசல்படியில் உட்கார்ந்து, காலில் ஏறியிருந்த ஏரிச் சேற்றைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. திரிசூலம் கல் குவாரியில் வேட்டு வைத்து வைத்துப் போன காது அவருக்கு. வேண்டாத பேச்சு என்றால் இன்னும் கொஞ்சம் போகும். தெருவுக்கே கேட்கிற மாதிரி மறுபடி சொன்னேன்.

"இன்னா தாலி?"

"காலையில ஏரியில எடுத்துப் பையில போட்டீங்களே, அது."

"அது பேஸ்ட்டு ட்யூபு."

அந்தக் காதால்தான் நான் இந்த வேலைக்கே வந்தேன். சித்தப்பாவின் மெஷின், ரேடியோ ரிப்பேர் காஜா பாய் பர்மா பஜாரில் யாரிடமோ வாங்கி இவர் தலையில் கட்டியது. நீளக் கம்பு, அதன் நுனியில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு வளையம், காதுக்கு ஹெட்ஃபோன். முழங்கால் தண்ணீரில் வளையத்தை முக்கி, தரையை ஒட்டினாற்போல நகர்த்திக்கொண்டே போக வேண்டும். அடியில் இரும்பு கிடந்தால் உறுமும். செம்புக் காசுக்குக் கீச்சென்று கத்தும். தங்கத்துக்கு மெல்லிசாக முனகும். காலியான பற்பசை ட்யூபுக்கும் அதே முனகல்தான், அதுதான் பேஜார். சித்தப்பாவுக்கு உறுமல் மட்டும்தான் கேட்கும். அதனால் எங்கள் வம்சத்திலேயே முதல் ஆளாக பி.எஸ்சி. முடித்த நான் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு முன்னால் நடப்பேன். கை காட்டின இடத்தில் அவர் சேற்றை அள்ளிச் சல்லடையில் அலசுவார். ஆடிப்பெருக்குக்குப் போட்ட காசு, ராஜா தலை போட்ட பழைய காசு, எப்போதாவது ஒரு மூக்குத்தி.

சானடோரியம் எக்ஸ்போர்ட் ஜோனில் ஒரு கம்பெனியில் என்னைத் திங்கட்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள். "வயசுப் பொண்ணு ஃபேக்டரிக்கா?" என்றார் சித்தப்பா. சிட்லபாக்கம் ஏரியில், புது வீட்டுக்காரர்கள் விடுகிற சாக்கடையில், வயசுப் பொண்ணு பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நிற்கலாம்.

ஏரியில் ஓர் இடத்துக்கு மட்டும் நாங்கள் போனதில்லை. கருமாதித் துறை. "செத்தவங்களுக்குப் போட்டது. கை வெக்கக் கூடாது" என்று அவரேதான் சொல்வார். இன்று காலை நேராக அங்கே நடந்தார்.

"இங்கயா சித்தப்பா?"

"தண்ணி எறங்கிக்கீது பாரு."

இறங்கித்தான் இருந்தது. அப்பா செத்த எண்பத்தேழு கோடைக்குப் பிறகு ஏரி இந்த அளவுக்கு வற்றியது இந்த வருஷம்தான். மெஷின் முனகின இடத்தில் அள்ளி அலசியதை எனக்குக் காட்டாமலே பையில் போட்டுக்கொண்டார்.

அப்பாவின் கருமாதி அந்தத் துறையில்தான் நடந்தது. அங்காளம்மாள் அத்தை, அப்பாவின் அக்கா, அம்மாவின் தாலியை அறுத்துப் பால் சொம்பில் போட்டாள். அவளும் தாலியறுத்தவள், அவள்தான் செய்யலாம். சொம்பைக் கிளியம்மாள் சித்தி கையில் கொடுத்துவிட்டு அம்மாவை முழுக்காட்டக் கூட்டிப்போனாள். வந்து பார்த்தால் சொம்பு காலி. பாலைத் தண்ணீரில் விட்டாயிற்று, அது வழக்கம். விடுவதற்கு முன்னால் எடுத்து வைக்க வேண்டிய தங்கத்தைக் காணோம். தான் பார்க்கவே இல்லை என்றாள் சித்தி. அப்படியானால் சொம்பு கைமாறுவதற்கு முன்னாலேயே, பக்கத்தில் இருந்த அம்மாதான் கைவிட்டு எடுத்திருக்க வேண்டும் என்றாள் அத்தை. ஈரப் புடவையோடு நின்ற அம்மாவை மறைவுக்கு இழுத்துப்போய், முந்தானையிலிருந்து ரவிக்கை வரைக்கும் உதறிப் பார்த்தார்கள். நான் பதினைந்து வயசுக்காரி, பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றிலிருந்து சொந்தத்தில் அம்மாவுக்கு முனியம்மா என்ற பேர் போய்விட்டது. முந்தானைக்காரி. கல்யாண வீட்டில் அம்மா நுழைந்தால் யாராவது எழுந்துபோய் பீரோ பூட்டை இழுத்துப் பார்ப்பார்கள்.

"ட்யூபுன்னா பையைக் காட்டுங்க."

"படிச்ச திமுரா?"

சைக்கிளில் மாட்டியிருந்த பைக்குள் கையை விட்டேன். அவர் எழுந்திருப்பதற்குள் எடுத்துவிட்டேன். சேறு அப்பி, கயிறு மக்கிப்போய், தங்கம் மட்டும். ஓரத்தில் இரண்டு சின்னப் பள்ளம். பல் முளைக்கிற வயசில் நான் கடித்தது. சிரிக்கிற காலத்தில் அம்மா அதைக் காட்டிச் சிரிப்பாள்.

"ஏரியில ஆயிரம் பேரு தாலி கெடக்கும்."

"ஆயிரம் பேரு தாலியையும் நானா கடிச்சேன்?"

சத்தம் கேட்டுச் சித்தி அடுப்படியிலிருந்து வந்தாள். என் கையைப் பார்த்ததும் அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் இன்னா பாத்தா ஊத்தினேன்? சொம்பக் குடுத்துட்டு அங்காளம்மா அண்ணி போயிட்டாங்கோ. அறுத்ததக் கட்டுக்கழுத்தி பாக்கலாமா? மூஞ்சிய அந்தாண்ட திருப்பிகினு ஊத்தினேன். எடுத்துகினு இருப்பாங்கோன்னு..."

"ஏய், வாய மூடுடி."

ஆறு வருஷம். அம்மா கழுவி வைத்த தட்டில் சித்தி தினமும் சாப்பிட்டிருக்கிறாள்.

"உங்களுக்கும் தெரியும்" என்றேன் சித்தப்பாவிடம்.

"தெரியும், அதுக்கு? ஊரக் கூட்டிச் சொல்லச் சொல்றியா? எங்கக்கா இவள உசுரோட வுடுமா?" பின்கட்டுப் பக்கம் திரும்பிக் கத்தினார். "அண்ணி! இங்க வா. இது உன்னுதான்னு நீயே பாத்துச் சொல்லு."

அம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி வந்தாள். நான் அவள் கையில் வைத்தேன். கட்டைவிரல் தேடவே இல்லை. நேராக அந்தப் பல் தடத்தில் போய் நின்றது.

"நல்லா பாத்துச் சொல்லு அண்ணி. அவசரமில்ல. ரூமுல நீ பாட்டுக்குக் கீற. எத்தினி வருசம் ஆனாலும் நான் ஒண்ணும் சொல்லப்போறதில்ல." குரலில் அத்தனை பாசம்.

சித்தி தரையைப் பார்த்தாள். அம்மா சித்தியைப் பார்த்தாள்.

"இது என்னுது இல்ல தம்பி. என்னுது இன்னும் மெல்லிசு."

அவர் உள்ளங்கையில் வைத்துவிட்டு என்னிடம், "போய்க் கால் கழுவு. சேறு காஞ்சா வுடாது" என்றாள்.

கோபம் வரவேண்டிய இடம். வரவில்லை. காலையிலிருந்து தண்ணீரில் நின்ற அலுப்புதான் முதுகில் ஏறியது. அம்மா பின்னாலேயே தொட்டிக்குப் போனேன்.

"ஏம்மா இப்படிச் சொன்னே?"

"வேற எப்படிச் சொல்லணும்?" தண்ணீர் மொண்டு என் காலில் அவளே ஊற்றினாள். "திருடின்னு கூப்புட்டாங்க, அது பழகிப்போச்சு. ரோட்டுல நின்னு பழக்கமில்ல."

"நான் மாடம்பாக்கம் போறேன். அத்தைகிட்ட சொல்லப்போறேன்."

சொம்பு அவள் கையில் நின்றது. "சொன்னா இன்னிக்கே நம்மள வெளிய தள்ளுவாங்கடி."

"தெரியும்."

"அங்காளம்மா வந்து கேட்டா என்னுது இல்லன்னுதான் சொல்லுவேன்."

"சொல்லு. சித்தி என்ன சொல்றான்னு பாப்போம். அவளால ஒரு ராத்திரி வாய மூடிகினு இருக்க முடியாது." அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கும் வரவில்லை. "திங்கக்கிழமை ஜோன்ல சேர்றேன். ரூம் பாக்கறேன். நீ வந்தா ரெண்டு பேர், வரலைன்னா நான் மட்டும்."

"எனக்காகன்னு சொல்லாத."

"இல்லம்மா. என்னால பாத்துகினு நிக்க முடியல, அவ்வளவுதான்."

அவள் மறுபடி தண்ணீர் மொண்டாள். பாதி கழுவின காலோடு நான் முன்பக்கம் வந்தேன். சித்தி உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். செருப்பை மாட்டும்போது சித்தப்பா கேட்டார்:

"எங்க கெளம்பிட்ட? சாயங்காலம் அந்தாண்ட ஓரம் பாக்கணும்."

"மாடம்பாக்கத்துக்கு. அத்தை வீட்டுக்கு."

இது அவருக்கு நன்றாகக் கேட்டது. கையிலிருந்த குச்சியைப் போட்டார். என்னென்னவோ சொன்னார். சோறு போட்டது, காலேஜுக்கு அனுப்பினது, என் அப்பா பேர். நான் கேட்டுக்கொண்டேதான் இறங்கினேன். ராஜகீழ்ப்பாக்கம் வழியாக நடந்தால் வெயில் சாய்வதற்குள் போய்விடலாம். அத்தை கதவைத் திறந்ததும் முதல் வார்த்தை என்ன சொல்வது என்பதைத்தான் இனி யோசிக்க வேண்டும்.