கையுறைக்குள் ஒரு புள்ளி

கையுறையைக் கழற்றியபோதுதான் பார்த்தாள். இடது ஆள்காட்டி விரல் நுனியில் கடுகளவு கறுப்பு. துடைத்தாள், போகவில்லை. பச்சை குத்தும் ஊசி கையுறையைத் துளைத்து விரலிலும் இறங்கியிருக்கிறது. எப்போது என்று தெரியவில்லை. வலித்தால்தானே தெரியும்! கணவன் போனதிலிருந்து அவளுக்கு எதுவுமே உறைக்கவில்லை. சாவு வீட்டில் எல்லோரும் கட்டிப்பிடித்து அழ, அவள் மரக்கட்டை மாதிரி உட்கார்ந்து, வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தாயிற்றா என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். கல்நெஞ்சக்காரி என்ற பட்டம் அங்கே கிடைத்ததுதான்.

தொழில் அவன் கற்றுக்கொடுத்தது. "ஊருக்கே குத்தறே, உனக்கு ஒரு புள்ளியாவது வச்சுக்கோடி" என்று ஊசியோடு துரத்துவான். "ஐயோ வலிக்கும், கிட்ட வராதே" என்று ஓடுவாள். கண்காட்சிக் கடைக்கான உரிமம் எப்போதும் அவன் பெயரில்தான் வரும். இந்த முறைதான் அவள் பெயரில் வாங்கித் தடுப்பில் மாட்டியிருந்தார்கள்.

"என்ன அண்ணி?" மைக் கிண்ணங்களை அடுக்கிக்கொண்டிருந்த நாத்தனார் எட்டிப் பார்த்தாள். விரலைக் கண்டதும் குரல் இறங்கிவிட்டது. "கழுவிட்டு வேற கிளவுஸ் போடுங்க. யாரும் பாக்கல. சொன்னா உரிமத்தைப் பிடுங்கிடுவாங்க. அண்ணன் கடை அண்ணி இது!"

ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவினாள். பிதுக்கக் கூடாது, வாயில் வைக்கக் கூடாது. எல்லாம் அவன் சொன்னதுதான். ஆனால் கழுவுவதோடு தீராது. தன் விரலில் இறங்கிய ஊசி, சற்றுமுன் பச்சை குத்திக்கொண்ட லாரி ஓட்டுநரின் தோளுக்கும் திரும்பப் போயிருக்கிறது. இரண்டு பேருக்கும் இரத்தம் பார்க்க வேண்டும். எதிரே கண்ணாடி முன் அவர் தோளைத் திருப்பித் திருப்பி, போனில் மனைவிக்குக் காட்டிக்கொண்டிருந்தார். "நல்லாருக்கில்ல? சொல்லு, நல்லாருக்கில்ல?"

பக்கத்துக் கடையில் ஊசிக் கழிவுப் பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார் சுகாதார அதிகாரி அம்மா. நாத்தனார் அவள் முந்தானையைப் பிடித்தாள். அவள் மெதுவாக விடுவித்துக்கொண்டாள்.

"அண்ணே, போயிடாதீங்க" என்றாள் ஓட்டுநரிடம். "மேடம், கொஞ்சம் வாங்க."

கேட்டு முடித்ததும் அதிகாரி தடுப்பிலிருந்து உரிமத்தைக் கழற்றினார். நாத்தனார் முகத்தைப் பொத்திக்கொண்டாள். பிறகு அதிகாரி அவளுடைய இடது கையைப் பிடித்து விளக்கடியில் நீட்டினார்.

"எப்ப குத்துச்சு?"

"தெரியல மேடம்."

"ஏம்மா, வலிக்கலையா?"

அவள் குனிந்து பார்த்தாள். விளக்கு வெளிச்சத்தில், அவன் வைத்துக்கொள்ளச் சொன்ன அந்த ஒற்றைப் புள்ளி அப்படியே இருந்தது. "இப்பதான் வலிக்குது மேடம்" என்றாள்.